பிரித்தறிதலும் திருட்டும்

நம் நாட்டில் மின்னணுச் சில்லுத் தொழில் வேரூன்ற வேண்டுமென்று 2021-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் இந்திய சர்க்கார் 76,000 கோடி ரூபாய்த் திட்டமொன்றை அங்கீகரித்தார்கள். அதுமுதல் எந்த மேடையைப் பார்த்தாலும் சில்லைப் பற்றிய பேச்சுத்தான். தொழிற்சாலை தங்கள் எல்லைக்குள்தான் வரவேண்டுமென்று மாநில சர்க்கார்கள் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. நிலம் தருகிறோம், தண்ணீர் தருகிறோம், வரியைத் தள்ளுகிறோம் என்கின்றன. இவை யாவும் வேண்டியவையே. ஆனால், சில்லைக் கடையில் வாங்கி, அதைச் சுற்றித் தன் சொந்த மூளையைக் கொண்டு ஒரு கருவியை அமைத்து விற்கும் சிறு உற்பத்தியாளனுடைய கதி என்ன என்று கேட்பாரைக் காணோம்.

அத்தகைய ஒருவன் கோயமுத்தூர்ப் பக்கத்தில் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். கிணற்று மோட்டாரை வீட்டிலிருந்தபடியே கைபேசியால் ஓட்டவும் நிறுத்தவும் உதவும் ஸ்டார்ட்டர் பெட்டி அவன் சரக்கு. ஒரு மின்சுற்றுப் பலகை, விரல் நகமளவில் ஒரு சில்லு, சில்லுக்குள் எழுதி வைத்த கட்டளைத் தொகுதி: பெட்டிக்குள் இருப்பது இவ்வளவே. ஆனால், ஓல்டேஜ் விழுந்தால் என்ன செய்வது, மூன்று பேஸில் ஒன்று அறுந்தால் எத்தனை விநாடிக்குள் மோட்டாரை நிறுத்துவது, கிணறு வற்றியதை எட்டிப் பாராமல் மின்னோட்டத்தைக் கொண்டே எப்படி அறிவது என்பவற்றையெல்லாம் கண்டுபிடிக்க இரண்டு மூன்று வருஷ உழைப்பும், வயல்வெளியில் கருகிப் போன மோட்டார்கள் பலவும் அவனுக்குச் செலவாகியிருக்கும். சரக்கு கடைக்கு வந்த சில மாதங்களில் அதே பெட்டி வேறு பெயருடன் பாதி விலைக்குக் கிடைத்தால் அவன் என்ன செய்வான்? நகல் எடுத்தவனுக்கு ஆராய்ச்சிச் செலவு கிடையாது; விலையைக் குறைப்பது அவனுக்கு எளிது. அசலைச் செய்தவனோ அடுத்த பெட்டியைப் பற்றிச் சிந்திப்பதை விட்டுக் கடன்காரனைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்குகிறான்.

இந்தக் குறை உண்மையானது, மிகைப்படுத்தப்பட்டதல்ல. ஆனால் இதற்கு ஒரு பரிகாரம் சொல்லப்படுவதையும் கேட்கிறோம். ஒருவன் செய்த கருவியைப் பிறர் பிரித்துப் பார்ப்பதையே குற்றமாக்கி விட வேண்டுமாம். நோய்க்கு இரங்குகிறோம், மருந்தை ஏற்க மாட்டோம். பிரித்துப் பார்ப்பது வேறு, நகல் எடுப்பது வேறு. முன்னது கல்வி, பின்னது களவு. களவைத் தடுக்கிறோமென்று கல்விக்கு விலங்கு பூட்டினால், அதனால் நஷ்டமடைவது நம்மைப் போல் இப்பொழுதுதான் கற்கத் தொடங்கியிருக்கும் தேசமே.

விஷயத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம். பிறர் செய்த பொருளைக் கழற்றி, அதன் அமைப்பையும் அதற்குள்ளிருக்கும் கருத்தையும் பின்னோக்கிச் சென்று அறிவதை ஆங்கிலத்தில் 'ரிவர்ஸ் எஞ்சினியரிங்' என்கிறார்கள். நாம் அதைப் பிரித்தறிதல் என்போம். மின்சுற்றுப் பலகையைப் பிரித்தறிவது பெரிய வித்தையல்ல. உறுப்புக்களைச் சூடாக்கிக் கழற்றிவிட்டு, பலகையை அடுக்கடுக்காக உப்புத்தாளால் தேய்த்து, ஒவ்வொரு அடுக்கையும் படம் பிடித்து ஒன்றின்மேல் ஒன்று பொருத்தினால் கம்பி வழிகள் முழுவதும் வெளியாகிவிடும். எக்ஸ்ரே வைத்திருப்பவர்கள் தேய்க்கவும் வேண்டியதில்லை. சீனாவில் ஷென்ஜென் நகரத்தில் பலகையை நகலெடுத்துத் தருகிறோம் என்று பகிரங்கமாக விளம்பரம் செய்யும் கம்பெனிகள் உண்டு. சில்லின் விஷயம் இதைவிடக் கடினம். சோதனைக்காக விட்டு வைத்த வாசல் வழியே உள்ளிருக்கும் கட்டளைகளைப் படித்துவிடலாம்; அந்த வாசல் அடைக்கப்பட்டிருந்தால், மேல் ஓட்டைக் கடுமையான நைட்ரிக் அமிலத்தில் கரைத்துவிட்டுச் சிலிக்கன் துண்டை மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்துப் பார்க்கலாம்.

இப்படிப் பார்ப்பவரெல்லாம் திருடரா? சரித்திரத்தைக் கேட்போம்.

அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனி 1981-ம் வருஷத்தில் தன் சொந்தக் கணினியை வெளியிட்டது. அதன் உறுப்புக்களிற் பெரும்பாலானவை எவரும் கடையில் வாங்கக் கூடியவை. கம்பெனியின் தனிச் சொத்தாக இருந்தது, இயந்திரத்தை எழுப்பி நடத்தும் அடிப்படைக் கட்டளைத் தொகுதி ஒன்றே. அதையும் ஐ.பி.எம்மே புத்தகத்தில் அச்சிட்டு விற்றது. ஆனால் பதிப்புரிமை தன்னுடையது என்றது. காம்பாக் என்ற புதிய கம்பெனி என்ன செய்தது? தன் ஆட்களை இரு கூட்டமாகப் பிரித்தது. அசலைப் படித்த கூட்டம், அந்தத் தொகுதி என்னென்ன வேலை செய்கிறது என்பதை மட்டும் எழுதிக் கொடுத்தது. அசலைக் கண்ணாலும் காணாத கூட்டம், அந்தக் குறிப்பைக் கொண்டு புதிதாகக் கட்டளைகளை எழுதியது. 1982-ம் வருஷக் கடைசியில் காம்பாக் தன் கணினியை அறிவித்தது. பின்னர் வேறு பலரும் அதே வழியிற் சென்றார்கள். கணினி பெரிய கம்பெனிகளின் மாடியிலிருந்து இறங்கி நம் ஊர்த் தெருக்களுக்கு வந்ததற்கு இது ஒரு முக்கிய காரணம். இதைக் களவென்று சொல்ல எவருக்கு நாவெழும்?

அதே நாட்டில் நடந்த இன்னொரு வழக்கும் கவனிக்கத்தக்கது. சில்லின் அமைப்புப் படத்தைக் காப்பாற்ற அமெரிக்கர்கள் 1984-ல் தனிச் சட்டம் செய்தார்கள். பிறர் சில்லைப் படித்தறிந்து, அந்த அறிவைக் கொண்டு தானாக ஒன்றை அமைப்பவன் குற்றவாளியல்லன் என்று அச்சட்டத்திலேயே விதிவிலக்கும் வைத்தார்கள். புரூக்ட்ரீ என்ற சிறிய கம்பெனி, ஏ.எம்.டி. என்ற பெரிய கம்பெனி தன் சில்லை நகலெடுத்துவிட்டதாக வழக்குத் தொடுத்தது. 'நாங்கள் வருஷக்கணக்கில் உழைத்தோம், இதோ தஸ்தாவேஜுகள்' என்று பெரிய கம்பெனி கட்டுக் கட்டாகக் காகிதங்களைக் கொண்டுவந்து காட்டியது. அந்த உழைப்பெல்லாம் சொந்த வழியில் முயன்று தோற்ற உழைப்பு. கடைசியில் புரூக்ட்ரீயின் அமைப்பைக் கண்டு அதையே வைத்துக்கொண்டார்கள் என்று நீதிமன்றம் கண்டது. சுமார் இரண்டரைக் கோடி டாலர் நஷ்டஈடு விதித்த தீர்ப்பு 1992-ல் அப்பீலிலும் உறுதியாயிற்று. எத்தனை நாள் படித்தாய் என்பதல்ல கேள்வி, முடிவில் நீ செய்தது உன்னுடையதா என்பதே கேள்வி. படிப்புக்கும் திருட்டுக்கும் கோடு கிழிக்க முடியாதென்று சொல்வோருக்கு இத்தீர்ப்பே போதிய பதில்.

நம் நாட்டு அநுபவத்தையும் மறக்கலாகாது. 1970-ம் வருஷப் பேட்டண்ட் சட்டம் மருந்துப் பொருளுக்குத் தனியுரிமை இல்லை, செய்முறைக்கு மட்டுமே உண்டு என்று வகுத்தது. வெளிநாட்டார் செய்த மருந்தை நம் ரசாயனிகள் பிரித்தறிந்து, வேறு செய்முறைகளால் மலிவாகச் செய்தார்கள். 2005-ல் அந்தச் சட்டம் மாறும்வரை முப்பது வருஷத்துக்கு மேலாக இப்படிக் கற்றோம். 2001-ல் எய்ட்ஸ் நோய்க்குரிய மூன்று மருந்துகளின் சேர்க்கையை வருஷத்துக்கு 350 டாலருக்குத் தருகிறோமென்று பம்பாயிலுள்ள சிப்லா கம்பெனி முன்வந்தபோது, அதுவரை பல்லாயிரம் டாலர் சொல்லிவந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். அன்று பிரித்தறிதல் நமக்குப் புண்ணியமாகவும், இன்று நம் சரக்கை ஒருவன் பிரித்தால் பாவமாகவும் தோன்றுவது நியாயமாகுமா?

இனி, உற்பத்தியாளர்கள் தாங்களே செய்துகொள்ளும் காப்புக்களைப் பார்ப்போம். சில்லின்மேல் அச்சிட்டுள்ள பெயரைச் சுரண்டிவிடுவது நெடுநாளைய வழக்கம். பலகை முழுவதையும் கறுப்புப் பிசினில் முக்கி எடுப்பது மற்றொன்று. பெயரைச் சுரண்டினால், எந்தக் காலில் மின்சாரம், எந்தக் காலில் தரை என்று ஒரு மாலைப்பொழுது ஆராய்ந்து பெயரைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். பிசினைச் சூட்டினாலும் ரசாயனத்தாலும் இளக்கிவிடுகிறார்கள். பிசின் ஈரத்தைத் தடுக்கும், அதிர்ச்சியைத் தாங்கும். அதற்காகப் பூசினால் சரி. ஆனால் பழுதானால் அதே உற்பத்தியாளனும் அதைத் திறக்க முடியாது என்பது பூசும்போது நினைவுக்கு வருவதில்லை.

சில்லுக்குள் கட்டளைகளைப் படிக்க விடாமல் தடுக்கும் பூட்டு ஒன்று உண்டு. அந்தப் பூட்டை ஒருமுறை இட்டால், சில்லு முழுவதையும் அழித்தாலன்றித் திறக்க முடியாதென்று விற்பவர்கள் சொல்வார்கள். மைக்ரோசிப் கம்பெனியின் சில்லு ஒன்றை ஆண்ட்ரூ ஹுவாங் என்ற அமெரிக்க எஞ்சினியர் 2007-ம் வருஷ வாக்கில் ஆராய்ந்தார். பூட்டின்மேல் ஊதாக் கடந்த ஒளி படாமலிருக்க உலோகத் தகடு வைத்திருந்தார்கள். அவர் சில்லின் ஓட்டை நீக்கி, கட்டளைகள் இருக்கும் பகுதியைக் கறுப்பு டேப்புத் துண்டால் மறைத்து, ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சினார். ஒளி தகட்டின் அடியிற் பட்டுத் தெறித்துப் பூட்டை அழித்தது. கட்டளைகள் அப்படியே இருந்தன. டேப்பின் விலை என்ன என்று நேயர்களுக்குத் தெரியும்.

இவற்றைச் சொல்வது பூட்டே வேண்டாமென்பதற்காக அல்ல. எந்தப் பூட்டும் கால அளவு ஒன்றைத்தான் தருகிறது. ஒரு மாதத்தில் நகலாகிற சரக்கு ஒரு வருஷத்தில் நகலானால், அந்தப் பதினொரு மாதமே உற்பத்தியாளனுக்கு லாபம். அதற்குள் அவன் அடுத்த மாதிரியைக் கொண்டுவந்துவிடலாம். ஆகவே பூட்டுக்குச் செலவிடும் பணம் அது வாங்கித்தரும் காலத்துக்கு ஈடானதா என்று கணக்குப் பார்க்க வேண்டும். முந்நூறு ரூபாய்ப் பலகைக்கு இருநூறு ரூபாய்ப் பூட்டுப் போடுகிறவன் திருடனுக்கு முன்பே தன் கடையைத் தானே மூடிக்கொள்வான்.

பெரிய பெரிய கம்பெனிகளே இதில் தவறான வழியிற் சென்று பட்ட பாட்டுக்கு, 'மைஃபேர் கிளாசிக்' என்ற சில்லின் கதையைவிடச் சிறந்த பாடம் இல்லை. பஸ்ஸிலும் ரயிலிலும் டிக்கெட்டாகத் தட்டிச் செல்லும் அட்டைக்குள் இருக்கும் சில்லு அது. 1994-ல் வெளிவந்தது. பின்னர் நெதர்லாந்திலுள்ள என்.எக்ஸ்.பி. கம்பெனியின் வசமாகி, உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்றது. லண்டன் நகரத்து ஆய்ஸ்டர் அட்டையிலும், நெதர்லாந்து தேசம் முழுவதற்கும் பொதுவான பிரயாண அட்டையிலும் அதுவே இருந்தது. அட்டையும் வாசற்கருவியும் ஒன்றோடொன்று பேசும் பேச்சை மறைக்க ஒரு சங்கேத முறையைக் கம்பெனியார் அமைத்திருந்தார்கள். அந்த முறை இன்னதென்று வெளியிடவில்லை. உலகத்து நிபுணர்கள் பரிசோதித்த முறைகள் பல இருக்கையில், பரிசோதனைக்கே வராத தங்கள் முறைதான் பத்திரமானது என்று நம்பினார்கள்.

2007-ம் வருஷம் டிசம்பரில் பெர்லின் நகரத்தில் கூடிய மகாநாட்டில் கார்ஸ்டன் நோல், ஹென்ரிக் பிளாட்ஸ் என்ற இளைஞர் இருவர் எழுந்து, அந்தச் சில்லைத் தேய்த்துத் தேய்த்து ஒவ்வொரு அடுக்காகப் படம் பிடித்து, தர்க்க உறுப்புக்களை அடையாளம் கண்டு, சங்கேத முறையைப் பெரும்பாலும் கண்டறிந்துவிட்டோம் என்று விளக்கினார்கள். அடுத்த வருஷம் நெய்மேகன் நகரத்து ராட்பவுட் சர்வகலாசாலையார், சில்லைத் தொடாமல் அதன் பேச்சை மட்டும் கவனித்தே முழு முறையையும் கண்டார்கள். முறை தெரிந்தவுடன் அதன் பலவீனமும் தெரிந்தது. அதன் சாவி 48 பிட்டு அளவே உள்ள எண். சாதாரணக் கருவிகளைக் கொண்டே அதைக் கண்டுபிடிக்கலாம் என்றாயிற்று.

கம்பெனி என்ன செய்தது? கட்டுரையை வெளியிடக் கூடாதென்று தடையுத்தரவு கேட்டுக் கோர்ட்டுக்குப் போயிற்று. 2008-ம் வருஷம் ஜூலை மாதத்தில் ஆர்னம் நகரத்து நீதிமன்றம் தடை தர மறுத்தது. கம்பெனிக்கு நஷ்டம் வருமென்றால் அது கட்டுரையால் வருவதல்ல, குறையுள்ள சில்லைச் செய்து விற்றதால் வருவது என்பதே நீதிபதி கண்ட நியாயத்தின் சாரம். அந்த நீதிபதியை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். படிப்பவனை அடைத்திருந்தால் பலவீனம் போயிருக்காது. அதை அறிந்தவர்கள் கள்ளர் மட்டுமாக இருந்திருப்பார்கள். பிரயாணிகளும் நகரசபைகளும் இருட்டிலேயே இருந்திருப்பார்கள்.

இந்த உண்மை புதிதன்று. ஆகஸ்ட் கெர்க்காப்ஸ் என்பவர் 1883-லேயே பிரெஞ்சு ராணுவப் பத்திரிகையில் இதை எழுதினார். சங்கேத இயந்திரம் பகைவன் கையிற் சிக்கினாலும் கெடுதி வராதபடி அது அமைய வேண்டும். இரகசியம் சாவியில் மட்டும் இருக்க வேண்டும் என்றார். இயந்திரம் என்றாவது ஒருநாள் பிடிபட்டே தீரும். சாவியை மாற்றலாம், இயந்திரத்தை மாற்ற முடியாது. சில்லு விற்பவன் தன் இயந்திரத்தைத் தானே பகைவன் கையில் காசுக்குக் கொடுக்கிறான். ஆதலால் இந்த விதி ராணுவத்தைவிட வியாபாரத்துக்கே அதிகம் பொருந்தும்.

சாவியிலும் ஒரு விஷயம் உண்டு. ஒரே சாவியை எல்லாப் பெட்டிகளிலும் வைத்தால், ஒன்றை உடைத்தவன் எல்லாவற்றையும் உடைத்தவனாகிறான். கார்க் கதவையும் வீட்டு வாசற்கதவையும் தூரத்திலிருந்து திறக்கும் 'கீலாக்' என்ற முறைக்கு இதுவே நேர்ந்தது. சில்லு வேலை செய்யும்போது இழுக்கும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தை அளந்தே உள்ளிருக்கும் சாவியை அறியலாமென்பதை பால் கோச்சர் முதலியோர் 1999-ல் எழுதிய கட்டுரையில் நிரூபித்திருந்தார்கள். ஜெர்மனியிலுள்ள போகும் சர்வகலாசாலையார் 2008-ல் அந்த உபாயத்தால் ஒரு கருவியிலிருந்து தயாரிப்பாளனின் தலைச்சாவியையே எடுத்தார்கள். அது கிடைத்தபின் மற்றக் கருவிகளைத் தொடவே வேண்டியதில்லை. காற்றில் வரும் இரண்டு செய்திகளைக் கேட்டால் போதும். பிலிப்ஸ் கம்பெனியின் விளக்குகளில் புதிய கட்டளைகளை ஏற்றுவதற்கென்று வைத்திருந்த பொதுச் சாவியையும் 2016-ல் ஆராய்ச்சியாளர்கள் அதே உபாயத்தால் எடுத்துக் காட்டினார்கள்.

ஆகவே, நம் உற்பத்தியாளர்கள் செய்யத்தக்கது யாது? சுரண்டுவதிலும் பிசின் பூசுவதிலும் செலவிடும் சிரத்தையைச் சாவியிற் செலுத்தட்டும். பெட்டிக்கு ஒரு சாவியாக வேறு வேறு சாவி இடட்டும். தன் கையொப்பமில்லாத கட்டளைகளைச் சில்லு ஏற்க மறுக்கும்படி அமைக்கட்டும். சாவியை மட்டும் பத்திரமாக வைத்திருக்கவென்றே செய்த சிறு சில்லுகள் மலிவாகக் கிடைக்கின்றன; அவற்றில் ஒன்றைச் சேர்க்கட்டும். கைபேசி வழியே தன் நிலையத்தோடு பேசும் கருவியாக இருந்தால், அசல் சாவியில்லாத நகலுக்கு நிலையம் பதில் சொல்லாமலிருந்தாலே போதும். நகல் வெறும் டப்பாவாகிவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மைக்ராஸ்கோப்பும் அமிலமும் கொண்டு வருகிற திருடன் சிலனே. பலகை செய்யக் கொடுத்த இடத்தில் ஆயிரத்துக்கு ஆர்டர் வாங்கி ஆயிரத்து இருநூறு செய்து, மிகுந்ததைப் பின்வாசல் வழியாக விற்பவன்தான் பலன். வேலையை விட்டுப் போகும்போது கட்டளைத் தொகுதியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிறவனும் உண்டு. முன்வாசலுக்குப் பூட்டு வாங்குவதற்குமுன் பின்வாசலைப் பார்ப்பது நல்லது. சாவியை வெளியார் தொழிற்சாலையில் ஏற்றாமல் தன் பட்டறையிலேயே ஏற்றினால், அந்த இருநூறு பலகைகளும் உயிரற்றவையாகவே கிடக்கும்.

கட்டளைத் தொகுதிக்குள் தனக்கு மட்டும் தெரிந்த சில அடையாளங்களைப் புதைத்து வைப்பதும் பழைய தந்திரமானாலும் பயனுள்ளது. தேசப்படம் அச்சிடுவோர் இல்லாத தெரு ஒன்றை வரைந்து வைத்து, அதே தெரு பிறர் படத்திலும் இருந்தால் கையும் களவுமாகப் பிடிப்பது வழக்கம். எந்த வேலையும் செய்யாத நான்கு வரிகள் நகலிலும் அப்படியே இருந்தால், கோர்ட்டில் வேறு சாட்சி எதற்கு? இதில் வேடிக்கையும் கலப்பதுண்டு. 1980-களில் அமெரிக்க டிஜிட்டல் கம்பெனியார், ருஷியர்கள் எப்படியும் தங்கள் சில்லைப் பிரித்துப் பார்ப்பார்களென்று தெரிந்து, திருடுவதென்றால் மிகச் சிறந்ததைத் திருடுகிறீர்கள் என்ற பொருளில் ருஷிய மொழியில் ஒரு வரியைச் சிலிக்கனிலேயே பொறித்து வைத்தார்கள். அதைப் படிக்க மைக்ராஸ்கோப் வேண்டும். ருஷிய மொழி தப்பும் தவறுமாக இருந்ததாம்.

பூட்டுப் போடுவோர் எல்லை மீறுவதும் உண்டு. அதை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எஃப்.டி.டி.ஐ. கம்பெனியின் சில்லுக்குப் போலிகள் உலகெங்கும் பரவியிருந்தன. 2014-ல் அக்கம்பெனி, கணினிகளுக்குத் தானாக வந்து சேரும் கட்டளைத் தொகுதியின் மூலம் போலிச் சில்லுகளின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கி, அவை வேலை செய்யாதபடி செய்தது. போலியைச் செய்தவன் விற்றுப் பணத்தை எண்ணிக்கொண்டு போய்விட்டான். அடிபட்டவன் யார்? அசலென்று நம்பிக் கடையில் வாங்கியவன். எதிர்ப்புக் கிளம்பியதும் கம்பெனி பின்வாங்கியது. அமெரிக்காவில் டிராக்டர் வாங்கிய குடியானவன், அதைத் தானே பழுது பார்க்கப் பூட்டைத் திறந்தால் சட்டமீறல் ஆகுமோ என்ற நிலைமை இருந்தது. 2015-ல்தான் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் அதற்கு விதிவிலக்குத் தந்தது. நம் நாட்டு விவசாயி தன் மோட்டார்ப் பெட்டியைப் பக்கத்து ஊர் மெக்கானிக்கிடம் கொடுத்துத் திறந்து பார்க்கச் சொன்னால் அதுவும் குற்றமென்று சொல்லும் சட்டத்தை எவன் கொண்டுவந்தாலும் எதிர்ப்போம்.

இனிச் சட்ட நிலைமையைக் கவனிப்போம். புதிய சட்டம் கேட்பவர்களில் பலருக்குப் பழைய சட்டம் இருப்பதே தெரியாது. சில்லின் அமைப்புப் படத்தைக் காக்க நம் பார்லிமெண்டு 2000-ம் வருஷத்திலேயே சட்டம் செய்திருக்கிறது. பதிவு செய்தவருக்குப் பத்து வருஷ உரிமை. மீறுகிறவனுக்கு மூன்று வருஷம் வரை சிறையோ, 50,000 ரூபாய் முதல் 10 லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அச்சட்டத்தின் 18-வது பிரிவு ஆராய்ச்சிக்காகவும் போதனைக்காகவும் சில்லைப் பிரித்தறிவதை அனுமதிக்கிறது. அந்த அறிவைக் கொண்டு புதிதாக ஒன்றை அமைப்பவனையும் காக்கிறது. கட்டளைத் தொகுதிக்கு 1957-ம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தின் காப்பு உண்டு. அதன் 52-வது பிரிவும், ஒரு கட்டளைத் தொகுதி எப்படி வேலை செய்கிறதென்று கவனித்து அறிவது குற்றமாகாது என்கிறது. இரண்டு சட்டங்களும் நாம் மேலே சொன்ன கோட்டைச் சரியான இடத்திலேயே கிழித்திருக்கின்றன. இந்தக் கோட்டை அழிக்க வேண்டாம் என்பதே நம் கோரிக்கை.

குறை சட்டத்தின் சொற்களில் இல்லை. அதை நடத்துவதில் இருக்கிறது. டில்லியிலுள்ள அந்தப் பதிவாளர் அலுவலகத்தை நாடுவோர் மிகச் சொற்பம். உலகத்துப் பெரிய கம்பெனிகளின் சில்லுகள் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் நம் எஞ்சினியர்களால் அமைக்கப்படுகின்றன. அவற்றின் உரிமை கடல் கடந்து போய்விடுகிறது. சென்னை ஐ.ஐ.டி.யார் அமைத்து, 2018-ல் மொஹாலியிலுள்ள சர்க்கார் தொழிற்சாலையில் வார்த்தெடுத்த 'சக்தி' சில்லைப் போன்றவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. அதன் வடிவத்தையும் அவர்கள் மறைக்கவில்லை. எவரும் எடுத்துப் படிக்கலாமென்று வெளியிட்டுவிட்டார்கள். அவ்வளவு பெருந்தன்மை எல்லா வியாபாரிக்கும் சாத்தியமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

சிறு உற்பத்தியாளனுக்கு மெய்யாகவே பயன்படுவது விரைவான நீதி. பெட்டியின் ஆயுள் மூன்று வருஷம், வழக்கின் ஆயுள் பத்து வருஷம் என்றால் உரிமை இருந்தென்ன, இல்லாமலென்ன? சென்னை ஹைகோர்ட்டில் 2023-ல் அறிவுச் சொத்து வழக்குகளுக்கென்று தனிப் பிரிவு ஏற்பட்டிருப்பது நல்ல காரியம். சில்லையும் பலகையையும் ஒப்பிட்டுப் பார்த்து நகலா அல்லவா என்று சொல்லும் நிபுணர்களை அப்பிரிவுக்குத் துணையாக நியமித்து, அவர்களுக்கு வேண்டிய சோதனைச் சாலையை அண்ணா சர்வகலாசாலையிலோ ஐ.ஐ.டி.யிலோ சர்க்கார் செலவில் அமைத்தால், சில லட்ச ரூபாய்ச் சரக்குக்காக வழக்காடுபவனும் தைரியமாகப் படியேறுவான். எழுபத்தாறாயிரம் கோடியில் இதற்காகும் செலவு கண்ணுக்கே தெரியாது.

வியாபார இரகசியங்களைக் காக்கத் தனிச் சட்டம் வேண்டுமென்று சட்டக் கமிஷன் 2024-ம் வருஷம் மார்ச் மாதத்தில் தன் 289-வது அறிக்கையில் சிபாரிசு செய்தது. இதை நாம் ஆதரிக்கிறோம். சட்டைப்பையில் இரகசியத்தைக் கொண்டு போகிறவனுக்கும், மிகுதிப் பலகை விற்கிறவனுக்கும் அது தக்க கடிவாளமாகும். ஆனால், நியாயமாக விலை கொடுத்து வாங்கிய பொருளைப் பிரித்து ஆராய்ந்து அறிந்ததை இரகசியத் திருட்டாகக் கருதக் கூடாது என்ற வாசகம் அதில் ஐயத்துக்கிடமின்றி இருக்க வேண்டும். ஐரோப்பியக் கூட்டமைப்பார் 2016-ல் செய்த விதியிலும், அமெரிக்கர் அதே வருஷத்தில் செய்த சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. மசோதா பார்லிமெண்டில் விவாதத்துக்கு வரும்போது தமிழ்நாட்டு அங்கத்தினர்கள் அந்த ஒரு வாசகத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். இல்லையெனில் திருத்தம் கொடுக்க வேண்டும். கைத்தொழில் சங்கத்தார் இப்பொழுதே அவர்களுக்கு எழுதட்டும்.

சொந்தமாகச் சில்லு அமைத்து விற்கத் தொடங்கியிருக்கும் நம் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. விற்பனைக்கு வந்து இரண்டு வருஷம் கடந்த அமைப்பை 2000-ம் வருஷச் சட்டத்தின்படி பதிவு செய்ய முடியாது. முதற் சரக்கை விற்ற தேதியைப் பார்த்துக்கொண்டு விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள்.